சூரியப் புயல் வந்தால் செல்போன் ஜி.பி.எஸ். ஏன் தடுமாறுகிறது?

உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் மாமா ஒருவர் இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து டி.வி. பக்கமே அவர் திரும்புவதில்லை. கூகுள் எர்த் புரோகிராமில் தன் கழனியையும் அதன் மூலையில் நிற்கும் பனை மரத்தையும் கண்டுபிடித்த அன்று, தெருவில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

2024-ம் ஆண்டு பங்குனி மாதம். அறுவடை முடிந்து கழனி காலியாகக் கிடந்தது. ஒரு நாள் இரவு ஏழரை மணிக்கு டார்ச் லைட்டுடன் கழனியைச் சுற்றி நடந்தார். கையில் செல்போன். அதில் நிலம் அளக்கும் இலவச அப்ளிகேஷன் ஒன்று. நடந்து முடித்ததும் அந்தப் பைலை லேப்டாப்புக்கு மாற்றி, கூகுள் எர்த்தில் திறந்து பார்த்தார். அவர் நடந்த கோடு வரப்பின் மேல் விழவில்லை. வரப்பைத் தாண்டிப் பக்கத்துக் கழனிக்குள் ஆறேழு மீட்டர் போய் நின்றது.

உடனே எனக்குப் போன். "மாப்பிள்ளை, சாட்டிலைட்டே சொல்லுது. பக்கத்துக் கழனிக்காரன் வரப்பைத் தள்ளிப் போட்டிருக்கான். நாளைக்குக் காலையில அவன் வீட்டு வாசல்ல போய் நிக்கப் போறேன்" என்றார்.

"மாமா, அவர் வீட்டு வாசலுக்குப் போறதுக்கு முன்னாடி, விடியற்காலையில கழனியை இன்னொரு தடவை சுற்றி வாங்க. அதுக்கப்புறம் பேசலாம்" என்றேன்.

மனமில்லாமல் நடந்தார். அந்தக் கோடு அவருடைய கழனிக்கு உள்ளேயே இரண்டு மீட்டர் தள்ளி விழுந்தது. மறுநாள் இரவு மூன்றாவது முறை நடந்தார். அது வேறு ஒரு கோடு. மூன்று நடை, மூன்று கோடு. வரப்பு என்னவோ இருந்த இடத்திலேயேதான் இருந்தது. "அப்படின்னா எதை நம்பறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், அது நம்மைத் தரையிலிருந்து 300 கிலோமீட்டர் உயரத்துக்கும், பிறகு சூரியனுக்கும் கொண்டுபோகிறது. புதிதாகக் கம்ப்யூட்டரும் செல்போனும் வாங்கியவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

ஜி.பி.எஸ். எப்படி இடத்தைக் கண்டுபிடிக்கிறது?

ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை செல்போன் கணக்கிடுகிறது. நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். நான்கு சாட்டிலைட்டுகளின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

இதில்தான் சிக்கல். ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் தவறினாலும் தூரக் கணக்கில் 300 மீட்டர் பிழை வரும். சிக்னல் வரும் வழியில் யாராவது அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால் என்ன ஆகும்? கணக்கு தப்பாகிவிடும். அப்படித் தாமதப்படுத்தும் ஆள் நம் தலைக்கு மேலேயே இருக்கிறார். அவர் பெயர் அயனி மண்டலம்.

அயனி மண்டலம் என்றால் என்ன?

தரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டருக்கு மேல் காற்று மிகவும் மெலிந்து இருக்கும். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அங்குள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இப்படி மின்னேற்றம் பெற்ற பகுதியே அயனி மண்டலம். 250 முதல் 400 கிலோமீட்டர் உயரம் வரை எலெக்ட்ரான்கள் மிக அடர்த்தியாக இருக்கும். அந்தக் காலத்தில் சிற்றலையில் வெளிநாட்டு ரேடியோ கேட்டவர்களுக்கு இது பழைய நண்பன். தொலைதூர நிலையங்களின் சிக்னலைத் திருப்பித் தரைக்கு அனுப்பியது இந்த மண்டலம்தான்.

ஜி.பி.எஸ். சிக்னல் இந்த மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். எலெக்ட்ரான்கள் அதிகமானால் தாமதமும் அதிகம். ஒரு சதுர மீட்டர் அகலமுள்ள ஒரு தூணைத் தரையிலிருந்து சாட்டிலைட் வரை நிறுத்தி, அதற்குள் உள்ள எலெக்ட்ரான்களை எண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குப் பின்னால் 16 சைபர் போட்டால் வரும் எண்ணிக்கையை விஞ்ஞானிகள் ஒரு யூனிட் என்கிறார்கள். ஒரு யூனிட்டுக்கு சாதாரண ஜி.பி.எஸ். சிக்னலில் 16 சென்டிமீட்டர் பிழை வரும். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில், நம் பகுதியில் பிற்பகல் நேரத்தில் இது 100 யூனிட் வரை போகலாம். அப்போது பிழை 16 மீட்டர்!

பயப்பட வேண்டாம். சாட்டிலைட்டுகளே ஒரு தோராயமான திருத்தக் கணக்கை அனுப்புகின்றன. அதைப் பயன்படுத்தி செல்போன் சுமார் பாதிப் பிழையை நீக்கிவிடும். மீதியில் பெரும் பங்கு உயரத்தைக் காட்டும் எண்ணில் போய்விடும். மிச்சம் இருப்பது நாம் நிற்கும் இடத்தில் சில மீட்டர் தவறாகத் தெரியும். மரம், சுவர், செல்போனின் சிறிய ஆன்டெனா ஆகியவையும் தங்கள் பங்குக்குச் சில மீட்டர்களைச் சேர்க்கும். மாமாவின் மூன்று கோடுகளுக்கு இவை எல்லாமே காரணமாக இருக்கலாம். ஆனால் பங்குனி மாதம், இரவு ஏழரை மணி என்று அவர் சொன்னதும் எனக்கு வானத்தின் மேல்தான் முதல் சந்தேகம் வந்தது. ஏன் என்று பார்க்கலாம்.

வானத்தில் ஓர் ஏரி, அதில் அலை

உத்திரமேரூர் ஏரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்று அடித்தால் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்காது. அயனி மண்டலமும் அப்படித்தான். கீழே எங்கோ ஒரு பெரிய இடிமேகம் எழும்பினால், குளத்தில் கல் போட்டது போல அந்த அசைவு அலையாக மேலே ஏறும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் அலையின் வீச்சு பெரிதாகிக்கொண்டே போகும். அயனி மண்டலத்தில் தெரியும் அலைகள் இப்படிப்பட்ட காற்று அலைகளின் வேலை என்று 1960-ம் ஆண்டு கோலின் ஹைன்ஸ் என்ற விஞ்ஞானி விளக்கினார். ஓர் அலை முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருக்கும். அதாவது ஒரே ஓர் அலை உத்திரமேரூரிலிருந்து சேலம் வரை நீண்டிருக்கலாம்.

இந்த அலைகள் பெரும்பாலும் சும்மா வந்து சும்மா போய்விடும். ஆனால் நம் ஊர் இருக்கும் இடம் அப்படிப்பட்டது அல்ல.

பூமியின் காந்தத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு. அந்தக் கோட்டில் திசைகாட்டி ஊசி மேலும் கீழும் சாயாமல் சமமாக நிற்கும். இந்தியாவில் இந்தக் கோடு திருநெல்வேலி, திருவனந்தபுரம் பகுதியை ஒட்டிச் செல்கிறது. 1963-ல் இந்தியா தன் முதல் ராக்கெட்டைத் தும்பாவிலிருந்து ஏவியதற்கும் இதுவே காரணம். உத்திரமேரூர் இந்தக் கோட்டிலிருந்து வடக்கே சுமார் 400 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கோட்டை ஒட்டிய வானத்தில் சூரியன் மறைந்ததும் ஒரு வேடிக்கை நடக்கிறது. சூரிய ஒளி இல்லாததால் அயனி மண்டலத்தின் கீழ்ப் பகுதி வேகமாகக் காலியாகிவிடும். மேல் பகுதி அடர்த்தியாகவே இருக்கும். அதே நேரத்தில் கிழக்கு நோக்கிய ஒரு மின்புலம் அந்த மேல் அடுக்கை இன்னும் உயரே தூக்கும். ஒரு பாட்டிலில் பாதி தண்ணீரும் பாதி எண்ணெயும் ஊற்றி, சட்டென்று தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். கனமான தண்ணீர் மேலே, லேசான எண்ணெய் கீழே. அடுத்த நொடி என்ன ஆகிறது? எண்ணெய் குமிழ் குமிழாக மேலே ஏறுகிறது. வானத்திலும் அதேதான். எலெக்ட்ரான் குறைந்த குமிழிகள் கீழிருந்து கிளம்பி, அடர்த்தியான அடுக்கைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறுகின்றன. சில குமிழிகள் ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தையும் தாண்டும்.

குமிழி எந்த இடத்தில் கிளம்பும்? இங்குதான் அலைக்கு வேலை. அடுக்கின் அடிப்பகுதி ஏற்கெனவே அலை அலையாக இருந்தால், அடிப்பகுதி மேல்நோக்கி வளைந்திருக்கும் இடங்களிலிருந்து குமிழிகள் கிளம்பும். அலை என்பது விதை, குமிழி என்பது பயிர் என்று வைத்துக்கொள்ளலாம். விதை எல்லா நாளும் விழும். ஆனால் எல்லா நாளும் முளைப்பதில்லை. அடுக்கு போதுமான உயரத்துக்குத் தூக்கப்பட்டால்தான் முளைக்கும். நம் பகுதியில் இது மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் அதிகம் நடக்கும். நேரம் பெரும்பாலும் இரவு ஏழரை மணியிலிருந்து நள்ளிரவு வரை. மாமா டார்ச் லைட்டுடன் நடந்த மாதமும் நேரமும் சரியாக இதற்குள் விழுகின்றன. சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சி உச்சத்தை எட்டிய ஆண்டும் 2024-தான்.

குமிழி வழியாக வரும் ஜி.பி.எஸ். சிக்னல், நட்சத்திரம் கண் சிமிட்டுவது போல் கூடிக் குறையும். சிக்னல் மிகவும் குறைந்தால் செல்போன் அந்தச் சாட்டிலைட்டைக் கைவிட்டுவிடும். மிச்சம் உள்ள சாட்டிலைட்டுகளை வைத்துக் கணக்குப் போடும்போது கோடு ஆறேழு மீட்டர் நகர்வதில் ஆச்சரியம் இல்லை.

சூரியப் புயல் வந்தால் அலைக்கு என்ன ஆகும்?

மாமாவின் வரப்பு விவகாரம் அடங்கி இரண்டு மாதம் கூட ஆகவில்லை. 2024 மே 10-ம் தேதி இரவு ஒரு பெரிய சூரியப் புயல் பூமியைத் தாக்கியது. சூரியனிலிருந்து வீசி எறியப்பட்ட மின்னேற்றத் துகள்களும் காந்தப் புலமும் பூமியின் காந்தக் கவசத்தில் வந்து மோதின. இந்திய நேரப்படி இரவு பத்தரை மணியளவில் முதல் அடி விழுந்தது. 2003-ம் ஆண்டுக்குப் பிறகு வந்த மிகக் கடுமையான புயல் இது. லடாக்கில் உள்ள ஹான்லே வானியல் ஆய்வகத்தின் கேமராக்களில் வானம் சிவந்து தெரிந்தது. அமெரிக்காவில் அப்போது சோள விதைப்புக் காலம். ஜி.பி.எஸ். உதவியால் நேர்கோட்டில் ஓடும் டிராக்டர்கள் தடுமாறியதால், பல விவசாயிகள் விதைப்பையே நிறுத்திவைத்தார்கள்.

மாமா மறுபடியும் போன் செய்தார். "இப்ப நம்ம ஜி.பி.எஸ். சுத்தமா படுத்துடும், இல்ல?"

படுக்கவில்லை. காரணம் சுவையானது. புயல் நம் அயனி மண்டலத்தை மூன்று வழிகளில் தொடுகிறது.

முதல் வழி உடனடியானது. துருவப் பகுதியில் உண்டாகும் மின்புலம் சில நிமிடங்களில் காந்த நடுக்கோடு வரை ஊடுருவிவிடும். பகலிலும் சூரியன் மறையும் நேரத்திலும் இது அடுக்கை மேலே தூக்கும். இரவு முற்றியபின் வந்தால் கீழே அழுத்தும்.

இரண்டாவது வழிக்குச் சில மணி நேரம் ஆகும். புயலின் ஆற்றல் துருவப் பகுதியின் மேல்காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று திடீரென விரிந்து, ராட்சத அலைகளாக நடுக்கோட்டை நோக்கிக் கிளம்புகிறது. இவற்றின் நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். வேகம் விநாடிக்கு 400 முதல் 1,000 மீட்டர். துருவத்தில் கிளம்பிய அலை மூன்று நான்கு மணி நேரத்தில் நம் தலைக்கு மேல் வந்துவிடும். ஏற்கெனவே இருக்கும் சிறிய அலைகளின் மேல் இந்தப் பெரிய அலை வந்து சேர்கிறது.

மூன்றாவது வழி இன்னும் மெதுவானது. அதே சூடு மேல்காற்றின் ஓட்டத்தையே மாற்றிவிடும். அதனால் வழக்கத்துக்கு எதிரான மின்புலம் உண்டாகி, ஓரிரு நாட்கள் நீடிக்கும். சூரியன் மறையும் நேரத்தில் அடுக்கு வழக்கம்போல் மேலே ஏறாது. விதை விழுந்தும் முளைக்காத நாட்கள் அவை. ஆனால் இதே மின்புலம் நள்ளிரவுக்குப் பின் அடுக்கைத் தூக்கி, நேரங்கெட்ட நேரத்தில் குமிழிகளைக் கிளப்புவதும் உண்டு.

ஆகப் புயல் அலைகளை வளர்க்கவும் செய்யும், அடக்கவும் செய்யும். எது நடக்கும் என்பதைப் புயலின் பலத்தோடு, அது நம் ஊர்க் கடிகாரத்தில் எத்தனை மணிக்கு வருகிறது என்பதும் தீர்மானிக்கிறது.

இரண்டு புயல்கள், ஒரு பாடம்

இதை நம்ப முடியவில்லையா? இரண்டு புயல்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். புயலின் பலத்தைப் பூமியின் காந்தப் புலம் எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து, நானோடெஸ்லா என்ற அலகில் அளக்கிறார்கள். நம் ஊரில் பூமியின் காந்தப் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா.

2015 மார்ச் 17-ம் தேதி வந்த புயலில் இந்தக் குறைவு 220 நானோடெஸ்லாவுக்குச் சற்று மேல். 2024 மே மாதப் புயலில் 400-க்கும் மேல். எது நம்மை அதிகம் பாதித்திருக்க வேண்டும்? பெரியதுதானே?

நடந்தது வேறு. 2015-ல் புயல் வலுத்தது இந்திய நேரப்படி மாலை ஆறு மணியை ஒட்டி. நம் வீடுகளில் விளக்கேற்றும் நேரம். அடுக்கு தானாகவே மேலே ஏறும் அந்த நேரத்தில் புயலின் மின்புலமும் சேர்ந்துகொண்டது. திருநெல்வேலியில் உள்ள இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அடுக்கு வெகு உயரத்துக்கு ஏறியது பதிவானது. அன்று இரவு இந்திய வானத்தில் வலுவான குமிழிகள் கிளம்பி, சாட்டிலைட் சிக்னல்களைத் தடுமாற வைத்தன. மறுநாள் மாலை மூன்றாவது வழி வேலை செய்தது. மார்ச் மாதமாக இருந்தும் குமிழிகள் அடங்கிப்போயின.

2024-ல் புயலின் முக்கிய அடி விழுந்தது மே 11-ம் தேதி அதிகாலையில். இரவு முழுவதும் சூரிய ஒளி இல்லாமல் அயனி மண்டலம் அப்போது மெலிந்து கிடந்தது. அதனால் இந்தியப் பகுதி குறைவாகவே பாதிக்கப்பட்டது என்று இஸ்ரோ தெரிவித்தது. தும்பாவில் அன்று காலை எலெக்ட்ரான் அளவு வழக்கத்தைவிட வெகுவாகக் குறைந்தே இருந்தது. அதே புயல் சில மணி நேரம் முன்னதாக வந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

யார் கண்காணிக்கிறார்கள்?

உத்திரமேரூர் கோயில் சுவரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு உலகப் புகழ் பெற்றது. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்ததை அது சொல்கிறது. அவற்றில் ஒன்று ஏரி வாரியம். ஏரியின் மட்டத்தையும் கரையையும் பார்த்துக்கொள்வது அதன் பொறுப்பு. வானத்து ஏரிக்கும் இன்று அப்படிப்பட்ட வாரியங்கள் இருக்கின்றன.

உத்திரமேரூரிலிருந்து வான்வழியில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், திருப்பதிக்கு அருகே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் உள்ளது. அங்கிருக்கும் 53 மெகாஹெர்ட்ஸ் ராடார் இந்தக் குமிழிகளைப் படம் பிடிக்கும். 1899-ல் தொடங்கிய கொடைக்கானல் ஆய்வகம் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2023 செப்டம்பர் 2-ம் தேதி ஏவப்பட்ட ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் சூரியக் காற்றை அளக்கிறது. அங்கே கண்ட புயல் பூமியை வந்தடைய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

விமானங்களுக்காக இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து ககன் என்ற அமைப்பை நடத்துகின்றன. நாடு முழுவதும் 15 நிலையங்கள் ஜி.பி.எஸ். பிழையை அளந்து, திருத்தத்தைச் சாட்டிலைட் வழியாக விமானங்களுக்கு அனுப்புகின்றன. வெளிநாடுகளில் பயன்படும் கணக்கு நம் பகுதியின் அயனி மண்டலத்துக்குப் போதவில்லை என்பதால், இஸ்ரோ தனியாக ஒரு கணக்கு முறையை உருவாக்கியது.

நீங்களே வீட்டில் பார்க்கலாம்

இதற்கு லட்சக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. ஒரு ஆண்ட்ராய்ட் செல்போனும் கம்ப்யூட்டரில் எக்ஸெல் புரோகிராமும் போதும்.

1. பிளே ஸ்டோரில் ஜி.பி.எஸ். டெஸ்ட் என்று தேடினால், சாட்டிலைட்டுகளையும் அவற்றின் சிக்னல் பலத்தையும் காட்டும் இலவச அப்ளிகேஷன்கள் கிடைக்கும். ஒன்றை இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள்.

2. மரமும் சுவரும் மறைக்காத மொட்டை மாடியில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, சாக்பீஸால் குறி போடுங்கள். எப்போதும் அதே இடத்தில் போனை வையுங்கள்.

3. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, லொக்கேஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் செல்போன் டவரையும் வை-பை இணைப்பையும் வைத்து இடத்தைக் கணக்கிட்டுவிடும். முதல் முறை இடம் கிடைக்கச் சில நிமிடங்கள் ஆகலாம்.

4. மாலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை, கால் மணி நேரத்துக்கு ஒரு முறை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை சாட்டிலைட்டுகள் பயன்பாட்டில் உள்ளன என்பதையும் எழுதுங்கள்.

5. எக்ஸெலில் இந்த எண்களை டைப் செய்து சராசரி எடுங்கள். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்து 1,11,000-ஆல் பெருக்கினால் பிழை மீட்டரில் கிடைக்கும். புள்ளிக்குப் பின் ஐந்தாவது இலக்கம் ஒன்று மாறினால் சுமார் 1.1 மீட்டர் நகர்வு என்று நினைவில் வைத்தால் போதும். சார்ட் போட்டுப் பாருங்கள்.

6. சில நிமிடங்கள் சிக்னல் பலம் காட்டும் பட்டைகளையே கவனியுங்கள். போன் அசையாமல் இருக்கும்போது வானத்தின் ஒரு பக்கத்துச் சாட்டிலைட்டுகள் மட்டும் வேகமாகக் கூடிக் குறைந்தால், அந்தத் திசையில் குமிழி போய்க்கொண்டிருக்கலாம்.

மறுநாள் அமெரிக்காவின் நோவா அமைப்பு நடத்தும் விண்வெளி வானிலை மையத்தின் இணைய தளத்துக்குச் சென்று, கே.பி. என்ற எண்ணைப் பாருங்கள். அது 0 முதல் 9 வரை இருக்கும். 5 அல்லது அதற்கு மேல் என்றால் காந்தப் புயல். அங்கே காட்டும் நேரம் கிரீன்விச் நேரம். நம் நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். புயல் இல்லாத பல நாட்களிலும் குமிழி வருவதையும், சில புயல் நாட்களில் வானம் அமைதியாக இருப்பதையும் நீங்களே காண்பீர்கள்.

பயப்பட வேண்டியதும் வேண்டாததும்

புயல் செய்தி வந்தாலே வாட்ஸ்அப்பில் இன்னொரு செய்தியும் சுற்றும். இன்று நள்ளிரவில் ஆபத்தான கதிர்கள் பூமிக்கு அருகே வருகின்றன, செல்போனை ஆப் செய்து தூரமாக வையுங்கள், நாசா சொல்லிவிட்டது என்று அதில் இருக்கும். பல ஆண்டுகளாகச் சுற்றும் பொய் இது. செல்போன் சிக்னல் உங்கள் ஊர் டவரிலிருந்து வருகிறது. அது அயனி மண்டலம் வரை போவதே இல்லை. இரவில் அவசரத்துக்கு 108-ஐ அழைக்க வேண்டியவர் செல்போனை ஆப் செய்து வைத்தால் அதுதான் ஆபத்து. இந்தச் செய்தி வந்தால் யாருக்கும் பார்வேர்ட் செய்யாதீர்கள்.

சூரியப் புயலால் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பைல்கள் அழியுமா என்றும் கேட்கிறார்கள். அழியாது. உங்கள் மேஜையில் இருக்கும் ஸ்பீக்கரின் காந்தத்தோடு ஒப்பிட்டால் புயலின் காந்த மாற்றம் மிக மிகச் சிறியது. 1989 மார்ச் 13-ல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் புயலால் ஒன்பது மணி நேரம் மின்சாரம் நின்றது உண்மை. அது துருவத்துக்கு நெருங்கிய பகுதி. நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு உண்மையான எதிரிகள் இடி மின்னலும் மின்சார ஏற்ற இறக்கமும்தான். நல்ல எர்த் இணைப்பும் யு.பி.எஸ்.ஸும் இருக்கட்டும்.

வரப்பு விஷயத்துக்கு வருவோம். செல்போன் அளவை வைத்து யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள். தமிழக அரசின் இ-சேவை இணைய தளத்தில் பட்டாவையும் புல வரைபடத்தையும் பார்த்து, டவுன்லோட் செய்துகொள்ளலாம். அதில் எல்லையின் நீளங்கள் மீட்டரில் இருக்கும். கழனியில் உள்ள சர்வே கல்லிலிருந்து அளந்து பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் நில அளவருக்கு மனு கொடுங்கள். துல்லியமான ஜி.பி.எஸ். கருவி வைத்து அளப்பவர்களும், பங்குனி மாதத்தில் மாலை மங்கும் முன் வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

மாமா அப்படித்தான் செய்தார். புல வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், பக்கத்துக் கழனிக்காரரையும் அழைத்து, இருவரும் டேப் பிடித்து அளந்தார்கள். வரப்பு சரியாக இருந்தது. இப்போது மாமா இரவில் கழனியைச் சுற்றுவதில்லை. மொட்டை மாடியில் செல்போனை வைத்துவிட்டு, பட்டைகள் ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருக்கிறார். பக்கத்துக் கழனிக்காரர் சில நாட்கள் கூடவே உட்கார்ந்து எண்களை எழுதித் தருகிறார்.